அக்காவைக் கேட்காத ஏலம்

ஃபிலோமினா அக்காவின் நினைவு கரையத் தொடங்கியதை, அவருடைய கணவருக்கு முன்பே, மருத்துவருக்கு முன்பே நான் அறிந்துவிட்டேன். அறிந்தும் மறைத்தேன். ஒரு சீட்டாட்டப் போட்டியில் ஜெயிப்பதற்காக மறைத்தேன்!

சீட்டாட்டம்தானே என்று சிரிப்பு வருகிறதா உங்களுக்கு? முழுவதும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்...

நாங்கள் ஆடியது பிரிட்ஜ். இரண்டு ஜோடிகள், நான்கு பேர். சீட்டு இறங்குவதற்கு முன் ஏலம் நடக்கும். ‘நாங்கள் இத்தனை பிடி எடுப்போம்’ என்று போட்டி போட்டு ஏற்றுவது. ஒரு சுற்றில் இறங்கும் நான்கு சீட்டுகளை வெல்வது ஒரு பிடி; மொத்தம் பதின்மூன்று. எதிரே அமர்ந்திருக்கும் துணையின் கையில் என்ன இருக்கிறது என்பதை ஏலத்தின் வழியாகத்தான் கேட்க வேண்டும். அவரும் ஏலத்தால்தான் பதில் சொல்ல வேண்டும். எங்கள் போட்டியில் எல்லா மேசைகளுக்கும் அதே சீட்டுகள்தாம் சுற்றி வரும். ஆகவே அதிர்ஷ்டத்தை நொந்துகொள்ள வழியில்லை. நீங்கள் எடுத்த முடிவே உங்களை உயர்த்தும், அதுவே கவிழ்க்கும்.

அக்கா ஆவடிக்காரர். தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் திருநெல்வேலியிலிருந்து வந்து காட்டுப்பாக்கத்தில் குடியேறிய வேதியியல் ஆசிரியை. அம்பத்தூரில் ஒரு மன்றத்தின் மாடியில், சனிக்கிழமைப் பிற்பகல்களில், ஆறு ஆண்டுகள் ஜோடியாக ஆடினோம். கடைசி ஆண்டில், ஆடி மாதம் வரை அதிகப் புள்ளி பெறும் ஜோடிக்கு மாநில அணிக்கான தேர்வுப் போட்டியில் ஆட இடம் என்று அறிவித்தார்கள்.

ஐம்பத்திரண்டு வயதுவரை நான் எதிலும் முதலாக வந்ததில்லை. எதிலும்!

பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை. என் கை நிறைய ஆட்டின் சீட்டு, சிவப்பு இதயங்கள். அக்காவும் ஆட்டினுக்கு ஆதரவு காட்டிவிட்டார். பன்னிரண்டு பிடிவரை ஏறலாமா என்று அறிய ‘நான்கு நோ டிரம்ப்’ என்ற ஏல அட்டையை வைத்தேன். எங்களுக்குள் அதன் பொருள் ஒன்றே ஒன்றுதான்: உன்னிடம் எத்தனை ஏஸ்?

அக்கா ‘பாஸ்’ வைத்தார்.

ஏலம் அங்கேயே, பத்துப் பிடியிலேயே, முடிந்துபோயிற்று. மற்ற மேசைகளில் பன்னிரண்டு பிடி சொல்லி எடுத்த கையில் எங்களுக்குக் கடைசி இடம்.

“கண்ணு சொக்கிடிச்சிடி, உட்டுடு,” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த மாதம் மீண்டும் அதே பிழை. ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, தாழ்ந்த குரலில் கேட்டார்: “வசந்தி, ஏஸ் எத்தினி கீதுன்னு கேக்கணும்னா இன்னாடி சொல்லுவோம் நாம? உள்ள கீது... வாய்க்கு வர மாட்டேங்குது.”

அவர் கண்களில் அச்சம். என் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் என்ன செய்தேன்? அவர் கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துப் போனேனா? இல்லை. என் ஏலத்தை மாற்றிக்கொண்டேன்!

அதற்குப் பிறகு அக்காவிடம் நான் எதையும் கேட்கவே இல்லை. படிப்படியாக ஏற வேண்டிய இடத்தில் ஒரே தாவாகத் தாவினேன். அவர் கையில் இருப்பதை ஊகித்து, அவர் பேச வேண்டிய இடத்தை அடைத்தேன். முடிந்தவரை துருப்பை நானே முதலில் சொன்னேன். ஏனெனில் ஏலம் எங்களுக்கு விழுந்தால், முதலில் சொன்னவரே இரண்டு கைகளையும் ஆடுவார். மற்றவர் தம் சீட்டுகளை மேசைமேல் பரப்பிவிட்டுச் சும்மா அமர்ந்திருக்க வேண்டியதுதான்.

அக்கா சும்மா அமர்ந்திருந்தார். எதிராளிகள் ஏலம் எடுத்தபோது மட்டும் ஆடினார். விரல்களின் பழக்கம் அவரை ஓரளவு காப்பாற்றியது.

ஒருநாள் எதையும் கேட்காமல் நேரே ஆறு ஆட்டினுக்கு, அதாவது பன்னிரண்டு பிடிக்கு, தாவினேன். பன்னிரண்டு பிடியும் வந்தது. “மேடத்துக்குத் துணிச்சல் ஜாஸ்தி!” என்றார் எதிராளி ஒருவர். துணிச்சலா அது!

அக்கா மட்டும் மெல்லச் சொன்னார்: “என்னை ஒரு வார்த்த கேக்கலியேடி நீ.”

கேட்காததுபோல் அடுத்த கையை எடுத்தேன்.

சித்திரையில் அக்காவின் கணவர் அந்தோணி அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். “ஏம்மா, உங்கக்கா ஆட்டத்துல எப்டிகீது? ஊட்ல அடுப்ப பத்த வெச்சிட்டு மறந்துடுது. ரெண்டு குக்கரு கருகிப்போச்சி. டாக்டராண்ட இட்டுகினு போலாமான்னு பாக்குறேன்.”

இதோ, என் குற்றம் முழுமை பெற்ற இடம்...

“அண்ணே, போன வாரம் நாங்கதான் முதல். மறதி இருக்கவங்களால பிரிட்ஜ் ஆட முடியுமா? நீங்க வேற!” என்றேன்.

அவர் நீண்ட மூச்சு விட்டார். “நீ சொன்னா சரிம்மா. நான்தான் பயந்துகினேன்.”

எவ்வளவு எளிதாக நம்பினார்!

ஆடி முடிவில் நாங்களே முதலிடம். கைதட்டினார்கள். அக்கா என்னைப் பார்த்து, “இன்னாத்துக்குடி கைதட்றாங்க?” என்று கேட்டார்.

அதற்கு மூன்றாம் சனிக்கிழமை அவர் பயிற்சிக்கு வரவில்லை. அம்பத்தூர் வர வேண்டியவர், ஆவடியில் எதிர்த்திசை ரயிலில் ஏறிவிட்டார். அரக்கோணம் நிலையப் படிக்கட்டில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து கிடந்தவரைப் பயணிகள் தூக்கியிருக்கிறார்கள்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அண்ணன் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். “ஆரம்பத்துலியே இட்டுகினு வந்திருந்தா மாத்திரையில கொஞ்சம் இஸ்து புட்ச்சிருக்கலாமாம்மா. டாக்டரு சொல்றாரு.”

நான் வாய் திறந்தேன். சொல்லிவிடத்தான் திறந்தேன்!

அவர் முந்திக்கொண்டார். “நீ அழுவாத. கூட ஆடுன ஒனக்கே தெர்ல, பாவம். ஊட்ல கீற எனக்கு எப்டித் தெரியும்?”

தலையசைத்தேன். ஆமாம், எனக்குத் தெரியாது என்று... தலையசைத்தேன்.

அடுத்த மாதம் மாநிலத் தேர்வு. அக்காவின் இடத்தில் வேறொருவரைச் சேர்த்துக்கொண்டு போய் ஆடினேன். ஆம், அதையும் செய்தேன்! பதினோராவது இடம்.

இப்போது அக்கா நடப்பதில்லை. என் பெயரும் அவரிடம் இல்லை. ஞாயிறுதோறும் அண்ணன் பூசைக்குப் போகும் ஒன்றரை மணி நேரம் நான் அவருடன் இருக்கிறேன். இது பரிகாரமா? பரிகாரம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்ன உரிமை? அவருடைய மெலிந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு, இன்று சொல்லிவிடுவேன், அண்ணன் திரும்பி வந்ததும் சொல்லிவிடுவேன் என்று வாக்கியங்களைக் கோக்கிறேன். வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் ஒவ்வொன்றாக உதிர்கின்றன.

போன வாரம் வீட்டுச் சாவி ஒன்றை என் கையில் வைத்தார். “இது ஒன்னாண்டயே இருக்கட்டும்மா. உன்ன உட்டா நான் யார நம்புறது?”

வாங்கிக்கொண்டேன்.