எழுபத்தொன்றா, எண்பத்திரண்டா

ஜீப்புக்கு எந்தத் தெர்மோஸ்டாட் போடுவது என்ற கேள்வி கொஞ்ச காலம் என் தூக்கத்தைக் கெடுத்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். என் மனைவி அந்த ஜீப்பில் ஏறுவதையே நிறுத்தியிருந்தாள்.

அவள் பிறந்த ஊர் பேரணாம்பட்டு மலையைத் தாண்டி, ஆந்திரா பக்கம். போன வருடம் அவள் தங்கை கல்யாணத்துக்குப் போகும்போது பாதி மலையில் ஜீப் கொதித்து நின்றது. அது ஆறி, தண்ணீர் ஊற்றி, மண்டபம் போய்ச் சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. தாலி கட்டியதை அவள் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஆம்பூர் கடைத்தெருவுக்குக்கூட அவளுக்குப் பஸ்தான். இப்போது தங்கைக்கு வளைகாப்பு. அதற்கும் பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். மாமனார் வீட்டு வாசலில் அவள் பஸ்ஸிலிருந்தும் நான் ஜீப்பிலிருந்தும் இறங்கினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, பக்கத்து சீட் காலியாக இருப்பது பிடிக்கவில்லை.

ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, ஃபேன் பெல்ட்டும் மாற்றியாயிற்று. மிச்சம் இருந்தது தெர்மோஸ்டாட். இஞ்சினில் இருக்கும் தண்ணீர் ஒரு அளவு சூடானதும் திறந்து, அதை ரேடியேட்டருக்கு அனுப்புகிற சின்ன வால்வு. என் வண்டியில் இருந்தது எண்பத்திரண்டு டிகிரியில் திறப்பது. மெக்கானிக் அதைக் கழற்றி எறியச் சொன்னார். இந்த ஊர் வெயிலுக்கு வால்வு எதற்கு என்பது அவர் கட்சி. வேலூர் ஸ்பேர் கடைக்காரரோ, கழற்றினால் டீசல் ஜாஸ்தி குடிக்கும், எழுபத்தொன்று போடுங்கள் என்றார். அதை வாங்கிப் பையில் வைத்த பிறகு, இதற்கும் கொஞ்சம் ஜாஸ்தி குடிக்கும் என்றார். செல்போனில் பார்த்த வீடியோக்கள் ஆளுக்கொன்று சொல்லி மிச்சமிருந்த மூளையையும் குழப்பின.

நான் டேனரி லேபில் வேலை செய்கிறவன். தோல் துண்டைத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடேற்றி, எத்தனை டிகிரியில் சுருங்குகிறது என்று பார்ப்பது என் பிழைப்பு. எங்களுக்கு டிகிரி என்றால் அது எல்லை. அதுவரை தோல் தாங்கும், தாண்டினால் சுருண்டுவிடும். அதே புத்தியோடு மதிய இடைவேளையில் தோல் தொங்கும் இடத்தில் இரண்டு வால்வுகளையும் நூல் கட்டித் தொங்கவிட்டேன். புதியது எழுபத்தொன்றில் வாயைத் திறந்தது. பழையதும் சொன்னபடி எண்பத்திரண்டில் திறந்தது. பழையது ஒழுங்காகத்தான் இருக்கிறது என்றால் வண்டி ஏன் கொதித்தது? ஆனாலும் சின்ன நம்பரை மனசு விடவில்லை. எழுபத்தொன்று போட்டால் சூடு எழுபத்தொன்றிலேயே நிற்கும் என்று அது அடம்பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை புதிய வால்வோடு தனியாக மலை ஏறிப் பார்த்தேன். சமதரையில் சூடு காட்டும் முள் கீழேயே இருந்தது. விசில்கூட அடித்தேன். ஏற்றம் தொடங்கியதும் முள் நகர்ந்தது. மெதுவாகத்தான் ஏறியது, ஆனால் பழைய உயரத்துக்கே வந்து சேர்ந்தது. வண்டியை ஓரம் கட்டி யோசித்தேன். வால்வு என்கிற கதவு எப்போது திறக்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. எவ்வளவு கூட்டம் வரும் என்று அதற்குத் தெரியாது. இவ்வளவு புரிந்தது. அப்படியானால் எதைத்தான் போடுவது என்பது புரியவில்லை.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். எழுபத்தொன்று, எண்பத்திரண்டு, கழற்றி எறிவது, எதற்கும் உத்தரவாதம் இல்லை என்பது வரை. அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"ஜீப்பு மேல எனக்கு கோவம்னு யாரு சொன்னது?" என்றாள். "கல்யாணத்துக்கு முந்தின நாளே போய்டலாம்னு எத்தன தடவ கேட்டேன். லீவு கெடைக்காது, விடியக்காலைல கெளம்பினா போதும்னீங்க. பஸ்ஸுன்னா நான் நெனச்ச நேரத்துக்குக் கெளம்பலாம்."

இந்தக் கணக்கு என் லேபில் இல்லாதது.

"முந்தின நாளே கெளம்பறதா இருந்தா ஜீப்லயே வர்றேன். கொதிச்சா கொதிக்கட்டும். நின்னு நின்னு போலாம்."

எழுபத்தொன்று வண்டியிலேயே இருக்கிறது. அது சரியா தவறா என்று இன்னும் எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் மேனேஜருக்கு ஃபோன் செய்து, மச்சினிக்கு வளைகாப்பு, இரண்டு நாள் லீவு வேண்டும் என்றேன். ஒரு நாள் போதாதா என்று கேட்டார். போதாது என்றேன்.