ஜன்னல் நிழலும் ஜொகூர் வெயிலும்

கம்ப்யூட்டர் திரையில் ஒரு ஜன்னல்மேல் இன்னொரு ஜன்னல் திறந்தால், மேலே இருப்பதன் ஓரத்தில் மெல்லிசாக ஒரு நிழல் விழும் பாருங்கள், அதைப் போடுவதுதான் என் பொழப்பு. எங்கள் ஆபீஸ் ஜொகூர் மாசாயில், கார் பட்டறைக்கு மேல் மாடி. "நிழலுக்கா சம்பளம்?" என்று சொந்தக்காரர்களிடம் பேச்சு வாங்கிய ஆசாமிகள் இன்னும் நாலு பேராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இது.

சாந்தி அக்கா கேட்டது

கோத்தா திங்கியில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை. அங்கே கண்ட்ரோல் ரூமில் சாந்தி அக்கா இரண்டு கொதிகலன்களையும் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்கிறார். கொதிகலனுக்கு ஒரு ஜன்னல். இரண்டும் ஒரே நிறம், ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறி உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் இரண்டாவதற்குப் போட வேண்டிய நம்பரை முதலாவதில் போட்டுவிட்டார். நீராவி அழுத்தம் இறங்கி ஆலையே நின்றுவிட்டது.

இன்னொரு தடவை நடந்தால் ராம்ப்புக்கு மாற்றிவிடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். ராம்ப் என்றால் லாரி வந்து குலை கொட்டுகிற இடம், மொட்டை வெயில். அக்கா முன்பு அங்கே வேலை பார்த்து மயங்கி விழுந்தவர். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"எது மேல, எது கீழன்னு பாத்ததும் தெரியிற மாதிரி பண்ணிக் குடுங்க தம்பி. மறுபடி ராம்ப்புக்குப் போக என் உடம்புல தெம்பு இல்ல."

கறுப்பில் கறுப்பு

ஆபீஸில் நிழலைப் போட்டுப் பார்த்தேன். அடடா, என் கண்ணே பட்டுவிடும்போல இருந்தது! ஆலைக்குக் கொண்டுபோனால், அங்கே திரையின் பின்னணி கன்னங்கரேல். கண் கூசக்கூடாதென்று அப்படி வைத்திருக்கிறார்கள். கறுப்புமேல் கறுப்பு நிழல் விழுந்தால் யாருக்குத் தெரியும்? பின்னணியைச் சாம்பல் நிறமாக மாற்றச் சம்மதம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கூட வந்த மேரி, எங்கள் ஆபீஸில் சோதனை பார்க்கிறவள், குளுவாங் ஊர்க்காரி, வாய் சும்மா இருக்காது. திரையை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"நெழல் எங்க? சூத்தி லீவு எடுத்துட்டுப் போயிருச்சா?"

பின்னால் ஓடி வந்தது

நிஜ நிழல் ஓரத்தில் அழுத்தமாகவும், போகப்போகக் கலங்கலாகவும் இருக்கும். கடையில் தே தாரிக் டீ கிளாஸைத் திருப்பித் திருப்பி வைத்து அதன் நிழலைப் பார்த்து அதையும் கொண்டுவந்தேன். ஆலையின் கம்ப்யூட்டரோ பழசு. ஜன்னலை இழுத்தால் ஜன்னல் முதலில் போகிறது, நிழல் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருகிறது. ஒவ்வொரு அசைவுக்கும் புதிதாக வரையாமல், ஒருமுறை வரைந்ததையே ஒட்டி ஓட்டும்படி மாற்றினேன். சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் பாஸ் பார்த்துவிட்டார்:

"உன்ன மாதிரியே லேட்டா வருது லா!"

நிஜ சூரியன்

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் கொழுப்பு. நிஜம் என்றால் முழு நிஜமாக இருக்கட்டும் என்று, கடிகாரத்தைப் பார்த்துச் சூரியன் நகர்கிற மாதிரி எழுதினேன். காலையில் நிழல் ஒரு பக்கம், சாயங்காலம் மறுபக்கம். பாஸ் கைதட்டினார், அப்படியே ஆலையிலும் போட்டுவிட்டோம். நம்ம ஜொகூரில் மதியம் ஒரு மணிக்கு வெயில் உச்சந்தலைக்கு வந்துவிடும், நிழல் காலடியில் சுருங்கிவிடும் என்பது ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை. சோதனை பண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். ஒரு மணிக்கு நாங்கள் எல்லாரும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் இருப்போம்.

அங்கேதான் சாந்தி அக்காவின் போன் வந்தது. அலமாக்! ஜன்னலுக்கு அடியில் நிழல் மொத்தமும் ஒளிந்துகொண்டது. அக்கா சொன்னார்:

"ரெண்டும் ஒட்டிக்கிட்ட மாதிரி தெரியுது தம்பி. மேனேஜர் பின்னாலயே நிக்கிறாரு. நான் கைய மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன், சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க லா!"

மறுநாள் மதியம்

சாப்பாட்டு இலையை மடித்துப் போட்டுவிட்டு ஆபீஸுக்கு ஓடினேன். சூரியனைப் பிடித்துக் காலை பத்து மணிக்கு நிற்கிற இடத்திலேயே கட்டினேன். மேலே இருக்கிற ஜன்னலுக்குப் பெரிய நிழல், கீழே இருப்பதற்குச் சின்னது. மறுநாள் ஒரு மணிக்கு நானே ஆலையில் போய் நின்றேன். மேனேஜரும் நின்றார். அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, சரியான ஜன்னலில் நம்பரைத் தட்டினார். திரும்ப ஒரு தடவை, இன்னொரு தடவை. மேனேஜர் தலையை ஆட்டி, அக்கா இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன். கொஞ்சம் பாராட்டும் கிடைக்கட்டுமே என்று, "நிழல் எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன். அக்கா திரையை மேலும் கீழும் பார்த்தார்:

"நெழலா? அதெல்லாம் நான் எங்க பாத்தேன்? மேல இருக்கிற ஜன்னல்ல தட்டுறேன், ராம்ப்புக்குப் போகல, அது போதும் தம்பி."

ஆக, சக தொழிலாளிகளே, வெளியே சூரியன் எப்படி வேண்டுமானாலும் போய்த் தொலையட்டும், கம்ப்யூட்டருக்குள் மட்டும் அதைக் காலை பத்து மணியைத் தாண்ட விடாதீர்கள்.