தாயாரிடம் ஒப்படைக்கப்பட்டார்

அந்தக் காவல் நிலையத்தில் திருடனுக்குக்கூட மன்னிப்பு உண்டு, ஒற்றுப்பிழைக்குக் கிடையாது. தட்டச்சு மேசையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தவர் அப்படிப்பட்டவர். எல்லோரும் அவரைத் திருத்தக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அதிகாரி எழுதிக் கொடுக்கும் அறிக்கையையே சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்புவார். மகள் செல்போனில் அனுப்பும் செய்திக்கும் அதே கதிதான். "எழுத்து சரியா இருந்தா போதுமா, விஷயம் சரியா இருக்க வேண்டாமா?" என்று கணவர் சீண்டினால், "விஷயம் அவங்க பாடு. எழுத்து என் பாடு" என்று வாயை அடைத்துவிடுவார்.

அவருக்குத் தீராத எரிச்சல் சட்டங்கள்மேல். பழைய சட்டத்தில், உடலை விற்றவளைப் பிடித்து உள்ளே போட்டார்கள். உள்ளே போவோம் என்று தெரிந்தால் எவள் வாயைத் திறந்து, 'என்னை ஏமாற்றிக் கூட்டிவந்தார்கள்' என்பாள்? நிலையத்தின் மாதக் கணக்கில் ஆள்கடத்தல் என்ற கட்டத்தில் எப்போதும் பூஜ்யம். அடுத்து வந்த சட்டம் அந்தத் தொழிலுக்கு உரிமச் சீட்டு கொடுத்தது. பயம் விட்டு நாலு பேர் பேசினார்கள், எண்ணிக்கை ஏறியது. கேட்க வேண்டுமா? சட்டத்தால்தான் கடத்தல் பெருகிவிட்டது என்று ஊரெல்லாம் ஒரே கூப்பாடு. அதையும் தூக்கிவிட்டு மூன்றாவதாக ஒன்று கொண்டுவந்தார்கள். இதில் அவளைத் தண்டிக்கக் கூடாது. தானாக வந்தவள் என்றால் குடும்பத்தாரிடம் ஒப்படைக்க வேண்டும். கடத்தப்பட்டவள் என்றால் காப்பகம், வழக்கு, பதினொரு படிவம். பதினொரு படிவத்தை எந்த மகராசன் நிரப்புவான்? மறுபடியும் பூஜ்யம். மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதில் இரண்டு பிழை இருந்தது.

அன்று காலை, அந்தத் தொழிலில் பிடிபட்டதாக ஒரு பெண்ணைக் கொண்டுவந்து அவர் மேசைக்கு எதிரே உட்கார வைத்தார்கள். இருபது வயதிருக்கும். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. அதிகாரி நின்றுகொண்டே கேட்டார்.

"உன்னை யாராவது கூட்டிட்டு வந்தாங்களா?"

"இல்ல சார். நானாதான் வந்தேன். பஸ்ல."

"எங்க தங்கியிருந்தே?"

"அம்மா வீட்லதான்."

"அடையாள அட்டை?"

"அம்மாகிட்ட இருக்கு."

"அப்புறம் என்ன, அடிங்கக்கா. தானாக வந்தார். தாயாரிடம் ஒப்படைக்கப்பட்டார். அவங்கம்மா வெளியதான் உக்காந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி தன் அறைக்குப் போனார்.

திருத்தக்கா அடித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் மேசைப்பக்கம் சாய்ந்தாள்.

"அக்கா, என்னை அம்மாகூட அனுப்பாம வேற எங்கயாவது அனுப்ப முடியாதா?"

"பெத்தவளைவிட்டு வேற எங்க போவ?" திருத்தக்கா எரிந்து விழுந்தார்.

"பெத்தவங்களா? அவங்க நான் நாலாவது படிக்கும்போதே செத்துட்டாங்க."

தட்டச்சு நின்றது. "அப்போ வெளியில இருக்கறது யாரு?"

"வீட்டுக்காரம்மா. எங்களை வச்சுத் தொழில் நடத்தறவங்க. அங்க எல்லாரும் அவங்கள அம்மான்னுதான் கூப்பிடணும். தையல் வேலைன்னு சொல்லி டிக்கெட் அனுப்பினாங்க. வந்ததும் அட்டையைப் பிடுங்கி வச்சுக்கிட்டாங்க. திரும்பப் போனேன்னா இந்தத் தடவை காலை ஒடிச்சுருவாங்க."

திருத்தக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நேரே அதிகாரியின் அறைக்குப் போனார்.

"சார், அது தாயார் இல்ல."

"அம்மான்னா தாயார்தானேக்கா? தமிழ்ல நீங்கதானே பெரிய ஆளு."

"காய்கறிக்காரங்களையும்தான் நான் அம்மாங்கறேன். அவங்களா என்னைப் பெத்தாங்க?"

"மாசக் கணக்கு இன்னைக்குப் போகணும். பூஜ்யம்னு சொல்லி வச்சிருக்கேன். பதினொரு படிவம்க்கா..."

"பதினொண்ணையும் நானே அடிக்கறேன். ஒரு கையெழுத்துப் போட உங்களுக்கு நோகுதா?"

அதிகாரி தலையைச் சொறிந்தார். இந்த அம்மாளிடம் வாய் கொடுத்து மீண்டவர் அந்த நிலையத்தில் யாரும் இல்லை. "சரி, வெளியில இருக்கறவளை உள்ள வரச்சொல்லுங்க" என்றார். திருத்தக்கா தன் இடத்துக்குத் திரும்பி, அடித்ததை அழித்தார்.

வீட்டுக்காரம்மாள் கைப்பையோடு உள்ளே வந்தாள். விஷயம் தலைகீழாகிவிட்டது அவளுக்குத் தெரியாது. மேசையருகே நின்று பழகியவள்போலச் சிரித்தாள்.

"என்னக்கா, இன்னைக்கு இவ்ளோ நேரம்? எப்பவும் அஞ்சு நிமிஷத்துல அடிச்சுக் குடுத்துருவீங்களே."

திருத்தக்கா அவள் முகத்தைப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. இத்தனை வருஷத்தில் திரையிலிருந்து தலையைத் தூக்கி யார் முகத்தைப் பார்த்தார்? எழுந்துபோய் அலமாரியைத் திறந்து பழைய கோப்புகளை இறக்கினார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். பெண்ணின் பெயர் வேறு, ஊர் வேறு. தாயார் கையெழுத்து மட்டும் ஒன்றே. தாயாரிடம் ஒப்படைக்கப்பட்டார். தாயாரிடம் ஒப்படைக்கப்பட்டார். எந்தப் பக்கத்திலும் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.