பழுப்பு அட்டைக்குள் ஒரு கதை

மகளின் பாடப்புத்தகங்களுக்கு அட்டை போடும்போது, அந்தப் பழுப்புத்தாள் வாசனையில் திண்டுக்கல் வீடு வந்துவிட்டது.

கதைப்புத்தகம் படிப்பைக் கெடுக்கும் என்பது அப்பாவின் சட்டம். தொண்ணூறுகளில், மாதா கோயில் திருவிழாக் கடையில் அக்கா வெகுநேரம் புரட்டிப் பார்த்து எனக்கொரு கதைப்புத்தகம் வாங்கினாள். பழுப்பு அட்டை போட்டு, 'ஆறாம் வகுப்பு சமூக அறிவியல்' என்று லேபிள் ஒட்டினாள். பாதிதான் படித்திருந்தேன். முழுப்பரீட்சை முடிந்ததும் அம்மா வழக்கம்போல என் பழைய புத்தகங்களை எதிர்வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள்.

அக்கா திருப்பிக் கேட்கப் போனாள்.

"அது பாடமே இல்லையாம்ல தாயி. கிழிச்சு அடுப்பு பத்த வச்சுட்டேன்" என்றாள் அந்த வீட்டுக்காரி.

அதன்பின் அக்கா எனக்கு எந்தக் கதைப்புத்தகமும் வாங்கவில்லை.

"அம்மா, எனக்கு ஒரு கதை புக் வாங்கித் தாறியா?" என்கிறாள் மகள்.

"பரீட்சை முடியட்டும்" என்கிறேன்.

பள்ளிக்கூடம் திறந்து இரண்டு நாள்தான் ஆகிறது.