இடக்கண்ணின் சிவப்பு

என் அக்காளின் பாட்டுப் புத்தகத்துக்குச் சிவப்பு அட்டை. தாம்பரத்தில் எங்கள் ஆலயத்தில் முதற்பாட்டு முடிந்து அனைவரும் அமர்ந்ததும், அவள் அதை மடியில் கிடத்தி, வலக்கண்ணை ஒருமுறையும் இடக்கண்ணை ஒருமுறையும் உள்ளங்கையால் மூடிப் பார்ப்பாள். பின்வரிசைப் பெண்ணொருத்தி ஒருநாள் குனிந்து, "என்ன டீச்சர், அரைக்கண் ஜெபமா?" என்றாள். "ஆமாக்கா, மீதிய நீங்க பண்ணிடுங்க" என்றாள் அக்காள். உண்மையில் அவள் சோதித்தது சிவப்பை. வலக்கண்ணுக்கு அந்த அட்டை பழுத்த மிளகாய்; இடக்கண்ணுக்கு மழையில் ஊறி வெளிறிய செங்கல். வெளிறல் கூடினால் நோய் திரும்புகிறது என்று பொருள்.

அறுபதுகளின் பிற்பகுதி அது. சிட்லபாக்கம் ஏரியை ஒட்டிய வீட்டில் அம்மா, அக்காள், கல்லூரியில் பயின்ற நான் என மூவர் இருந்தோம். பெண்கள் பள்ளியொன்றில் அவள் கணக்காசிரியை. நோய் முதன்முறை வந்தபோது, இடவிழியை அசைத்தாலே உள்ளே வலித்தது. சில நாள்களில் கரும்பலகையின் நடுப்பகுதியை யாரோ ஈரத்துணியால் துடைத்தாற்போல அந்தக் கண்ணுக்கு எழுத்துகள் மறைந்தன. கண்நரம்பில் அழற்சி என்றார் கண் மருத்துவர். காரணம் பல்லில் இருக்கலாம் என்றதால் நல்ல கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார்கள். மறுமுறை பழி மூக்கின்மேல் விழுந்தது. அதையும் துளைத்துக் கழுவினார்கள். இரண்டு முறையும் பார்வை மெல்லத் தானாகவே மீண்டது. எது இறுதியாகச் செய்யப்பட்டதோ அதற்கே புகழ் போய்ச் சேர்ந்தது.

சுகம் பெற்றவர்கள் உறையில் காணிக்கை இட்டு, மேலே காரணம் எழுதித் தருவதும், ஆயர் அதைச் சபையில் வாசிப்பதும் எங்கள் வழக்கம். இரண்டு முறையும் அம்மா "பூரண சுகத்துக்காக" என்று எழுதினாள். இரண்டு முறையும் நோய் அந்தச் சொல்லைப் பொய்யாக்கியது. "விசுவாசத்துல ஏதாச்சும் குறை இருக்கா பாரும்மா" என்று சபையார் அக்கறையோடு கேட்டார்கள். அதே சபையினரான தலைமையாசிரியை, முழுச் சுகம் என்று கேட்ட பிறகும் அடிக்கடி விடுப்பா என்று ஐயுற்று, அவளிடமிருந்து பத்தாம் வகுப்பைப் பறித்துக்கொண்டார். வெயிலில் நடந்தால் கண் இருளும், நிழலில் அமர்ந்தால் தெளியும் என்பதையும் எவரும் நம்பவில்லை. நோயைவிட அதை மெய்ப்பிக்கும் வேலைதான் அவளைக் களைக்க வைத்தது. அந்த வகுப்பு ஒன்றே அவள் திரும்பப் பெற விரும்பியது.

மூன்றாம் முறை நகரத்துப் பெரிய மருத்துவமனையில் நரம்பு மருத்துவர் ஒருவர் கண்ணைப் பார்த்து முடித்துவிட்டு, "காலு மரத்துப் போறதுண்டாம்மா?" என்றார். உண்டு. நாள் முழுதும் நின்று கற்பிப்பதால் என்று அவள் எண்ணியிருந்தாள். கண்ணைப் பார்த்த எவரும் காலைப் பற்றிக் கேட்டதேயில்லை. இரண்டுக்கும் அடியில் ஒரே நரம்பு நோய் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், "காலந்தாம்மா சொல்லணும்" என்றார் அவர். திரும்பும் மின்தொடர் வண்டியில் சன்னலோரம் சாய்ந்திருந்தவள், சைதாப்பேட்டை தாண்டியதும், "தெரியலன்னு சொன்னவரு இவரு ஒருத்தருதாண்டா" என்றாள். அவள் முகத்தில் பல மாதங்களாகக் காணாத ஓய்வு இருந்தது.

அவர் தந்த மாத்திரைகளால் முகம் ஊதியது. பார்வை ஓரளவு மீண்டது. அம்மா மீண்டும் உறையை எடுத்தாள். அன்று மாலை வீட்டுக்கு வந்த ஆயர், "பூரண சுகம்னு வாசிச்சிடலாமா?" என்று கேட்டார்.

"வேணாம் ஐயா. இந்த வாரம் பார்வை இருந்துச்சுன்னு மட்டும் வாசிங்க."

"ஏண்டி, வாயால கெடுத்துக்கிறே?" என்று அம்மா கண் கலங்கினாள்.

"ரெண்டு தரம் முழுசா சொல்லியாச்சும்மா. என்னால இனிமே அத சுமக்க முடியல."

ஆயர் நெடுநேரம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஞாயிறன்று அவள் சொன்னபடியே வாசித்தார். எங்கோ ஒரு சிரிப்பு எழுந்து இருமலாக மாறியது. ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் தலைமையாசிரியை அவளை நிறுத்தினார். "அது திரும்ப வருமா?"

"வரும் மேடம். எப்பன்னு தெரியாது."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. பத்தாம் கிளாஸ எடுத்துக்கோ. வர்றப்ப சொல்லு, வேற ஆள் போட்டுக்கலாம்."

அது வந்தது, பலமுறை வந்தது. எழுபதுகளின் நடுவில் கால்களும் தளர்ந்தன. நாற்காலியில் அமர்ந்தபடியே, இயன்ற நாள்களில், கற்பித்தாள். அதன்பின் எந்த உறையிலும் பூரணம் என்ற சொல் எழுதப்படவில்லை.

அவள் மறைந்து வெகுகாலமாயிற்று. புத்தகம் என்னிடம் இருக்கிறது. நேற்று அதை மடியில் வைத்து, அவளைப் போலவே ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், பிறகு மற்றதை. எனக்கு நோயில்லை, வேறுபாடும் தெரியவில்லை. ஆயினும் அட்டையின் சாயம் இத்தனை ஆண்டுகளில் போய்விட்டது. மழையில் ஊறி வெளிறிய செங்கல். அவள் இடக்கண் மட்டும் அன்று கண்ட அந்நிறத்தை, இன்று என் இரு கண்களும் காண்கின்றன.