ஜின்சனின் அவதி

சாந்தன்பாறைக்கு மேலே, ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்கு பிலோமி வாழ்க்கைப்பட்டு வந்த புதிது. ஆகஸ்ட் மாதத்து மழையில் காய் பறித்துக்கொண்டிருந்தபோது, மலையாளத்து சூப்பர்வைசர் "நாளெ அவதியாணு" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் போனார். போடிப் பக்கத்துப் பெண்ணுக்கு அவதி என்றால் துன்பம்தான். என்ன துன்பம் வரப்போகிறதோ என்று இரவெல்லாம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு கிடந்தாள். விடிந்ததும் விஷயம் தெரிந்த கணவன் சூசையப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஏட்டி, இவங்க பாஷையில அவதின்னா லீவு! இன்னைக்குச் சுதந்திர தினம், மாதா பண்டிகை வேற. ஜெபமாலைய வச்சுட்டு கறிக்கு மசால அரை."

அன்றிலிருந்து அந்த வீட்டில் விடுமுறைக்குப் பெயர் அவதி. பிள்ளைகள் ஜின்சனும் பின்சியும் அந்தக் கேலியோடுதான் வளர்ந்தார்கள்.

ஜின்சன் பட்டாளத்தில் சேர்ந்தபிறகு அந்தச் சொல்லுக்குத் தனி ருசி வந்துவிட்டது. லயத்தில் டவர் கிடைக்காது. அதனால் முக்குரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் ஜோஸின் போனுக்குத்தான் கூப்பிடுவான். ஜோஸ் மலையாளி. தோட்டத்து ஆட்களுக்கு டீ ஆற்றி ஆற்றியே தமிழ் பழகியவர். போன் வந்தால் கடையை அப்படியே போட்டுவிட்டு மேடேறி வருவார். "சேச்சி, ஜின்சனுக்கு அவதி கிட்டியாச்சு!" என்று வாசலில் நின்று கத்துவார்.

"அவனுக்கு அவதி, எனக்குல்லா அவதி! ஆக்கிப்போட்டே இடுப்பு ஒடிஞ்சிரும்" என்று அடுப்படியிலிருந்து பதில் வரும். அலுத்துக்கொள்கிற வாய்தான் அது. கை அதற்குள் பெரிய சட்டியைக் கீழே இறக்கியிருக்கும்.

ஒருநாள் ஜோஸ் மேடேறி வந்தார், ஆனால் கத்தவில்லை. வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், "என்ன சேட்டா, அவதியா?" என்று கேட்டாள் பிலோமி. ஜோஸ் மெல்லத்தான் சொன்னார். "அவதிதான், சேச்சி."

மகன் வருகிறான் என்று அவள் கிழங்கை உரிக்க உட்கார்ந்துவிட்டாள். ஜோஸ் சூசையப்பனைத் தேடித் தோட்டத்துக்கு இறங்கிப்போனார். கிழங்கு வெந்து, மசாலாவும் அரைத்து முடித்த பிறகுதான் சூசையப்பன் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓடிவந்து விஷயத்தைச் சொன்னான். வடக்கே பனிமலை எல்லையில் ஜின்சன் போய்விட்டான்.

அதன்பிறகு ஜோஸ் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. அவள் கடைக்குப் போனால் உள்ளே போய்விடுவார். இந்த மலையிலிருந்து போய்த் திரும்பாத பட்டாளக்காரர்களின் பெயர்களை வெட்டி முக்குரோட்டில் ஒரு தூண் எழுப்பினார்கள். ஆகஸ்ட் பதினைந்துதோறும் கொடியேற்றி, தூணுக்குப் பூ வைப்பார்கள். மைக் கிடைத்துவிட்டால் சும்மா விடுவார்களா, தியாகம் தியாகம் என்று மழை வெறிக்கிற வரைக்கும் பேசுவார்கள். சூசையப்பன் போய்ப் பூ வைப்பான். பிலோமி ஒரு வருஷமும் போகவில்லை. வளைவில் பஸ் ஹாரன் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பாள். இறங்குவது அவனாக இருக்கலாம். தூணில் பூவை வைத்துவிட்டால் அப்புறம் எந்த பஸ்ஸைப் பார்ப்பது?

இந்த வருஷ அவதிக்கு பின்சி சித்தூரிலிருந்து புருஷனோடு வந்திருந்தாள். கோயிலில் பூசை முடிந்ததும், "அம்மா, ஒரு தடவை தூணுக்கு எங்கூட வாயேன். நான் கையப் பிடிச்சுக்கிடுதேன்" என்றாள்.

"கறி அடுப்புல கெடக்கு" என்று சொல்லிவிட்டு, மாதா காலடியிலிருந்து எடுத்த பூவை முந்தானையில் முடிந்துகொண்டு, பிலோமி ஏலச்செடிகளுக்குள் வீட்டுக்குப் போகும் குறுக்குவழியில் இறங்கினாள். உண்மையில் அடுப்பு மூட்டவே இல்லை.

மூடுபனி செடியோடு செடியாக நின்றது. தன் பாதமே அவளுக்குத் தெரியவில்லை. ஏலப்பூ வாசம், ஈரமண் வாசம், கோயிலில் பாடிய பாட்டின் மிச்சம் எல்லாம் சேர்ந்து, நடக்கிறாளா தூங்குகிறாளா என்று அவளுக்கே புரியாத ஒரு கிறக்கம். அப்போது ஹாரன் கேட்டது. பனி கொஞ்சம் விலகியது. கீழே, பஸ் நின்ற இடத்தில், பச்சை உடுப்பில் ஒருவன் அசையாமல் நின்றிருந்தான். அப்படியே ஜின்சனின் உயரம். பிலோமி வீட்டுப் பாதையை விட்டாள். செடிகளை ஒதுக்கிக்கொண்டு, வழுக்கி வழுக்கிச் சரிவில் இறங்கினாள்.

கிட்டே வந்தபோது பச்சை உடுப்பு பச்சை மழைக்கோட்டாகிவிட்டது. போட்டிருந்தவர் ஜோஸ். கூட்டம் மழைக்குப் பயந்து கடையோரம் ஒதுங்கியிருக்க, அவர் மட்டும் தூணருகே நின்று, ஸ்டூலில் வைத்திருந்த ஜின்சனின் படத்துக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். தலையெல்லாம் நனைந்து வழிந்தது.

இந்தத் தடவை அவரால் உள்ளே போக முடியவில்லை. குடையை விட்டால் பையன் நனைந்துவிடுவானே.

"சேச்சி, அன்னைக்கு ஞான் பொய் சொல்லல" என்றார்.

பிலோமி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை நாளும் இந்த மனுஷன் எதைச் சுமந்துகொண்டு டீ ஆற்றினார் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பாவமாக இருந்தது.

"தெரியும் சேட்டா. நீங்க எங்க பாஷையில சொன்னீங்க. நான் உங்க பாஷையில கேட்டுட்டேன்."

கடையோரத்திலிருந்து பின்சி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பிலோமி மறுகையால் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஈரக்கல்லில் மகனின் பெயரை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, பூவை அதன்மேல் வைத்தாள்.

"அவதி முடிஞ்சுதுய்யா" என்றாள்.

எந்த அவதியைச் சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் வந்து நின்றது. பிலோமி திரும்பிப் பார்க்கவில்லை. ஜோஸின் கையிலிருந்து குடையை வாங்கி, படத்துக்கும் அவருக்குமாகச் சேர்த்துப் பிடித்தாள்.