எனக் காட்டுக

ஆதிபாவை உட்காரவைத்துக் கணக்குச் செய்யச் சொல்வது நடக்கிற காரியமா? மாத்தளைப் பக்கம் உக்குவளை வீட்டில் அவளுக்கென்று ஒரு மேசை இருக்கிறது, கதிரையும் இருக்கிறது, அந்தக் கதிரையில் பெரும்பாலும் பூனைதான் இருக்கும். அவள் குசினிக்கும் முன்வாசலுக்குமாக நடந்துகொண்டே, தாளைச் சுவரில் அழுத்தி வைத்து எழுதுவாள். தப்பித்தவறி உட்கார்ந்துவிட்டால் கால் ஆடத் தொடங்கும். "கால ஆட்டாத மகள், பார்க்கிற எனக்கே தல சுத்துது" என்று உம்மா றமீஸா கத்துவார். வாப்பா வீட்டில் இருந்தால் அவரும் சேர்ந்து கத்துவார். ஆடுகிற கால் யார் சொல்லியும் நிற்காது.

அந்த அவசரம்தான் அவளை இரண்டு தடவை கவிழ்த்துவிட்டது. உயர்தரத்தில் இணைந்த கணிதத்துக்கு இரண்டு முறையும் வெறும் 'எஸ்', ஆகக் கடைசித் தரம். பல்கலைக்கழகம் போக மூன்று தடவைதான் வாய்ப்பு, இது மூன்றாவது. வாப்பா அப்துல் ஸமத்துக்குத் தம்புள்ளை பொருளாதார நிலையத்தில், அந்தப் பெரிய மொத்தச் சந்தையில், மரக்கறிக் கடை. மூட்டை இறக்குகிறவர், தேத்தண்ணி விற்கிறவர், லக்கலயிலிருந்து பூசணி கொண்டுவருகிறவர் என்று அங்கே ஒருவர் மிச்சமில்லாமல் அவர் சொல்லி முடித்துவிட்டார்: மகள் எஞ்சினியர். ஆகப்போகிறவள் என்றுகூட இல்லை, எஞ்சினியர்! பரீட்சை ஒன்றுதான் பாக்கி.

பாடத்தில் அவளுக்குப் பிடித்தது எல்லைக் கணக்கு. x பூச்சியத்தை நெருங்கிக்கொண்டே போகும், போய்ச் சேராது. ஆனாலும் அதோடு ஓடுகிற சைனும் கோசைனும் எந்த எண்ணைப் பார்த்துப் போகின்றன என்று சொல்லிவிடலாம். ஓரிடத்தில் நிற்காத சங்கதி என்பதாலோ என்னவோ, அவளுக்கு அதில் ஓர் ஒட்டுதல். ஆனால் இந்தக் கேள்விகளில் ஒரு வழக்கம் உண்டு. விடையையும் தாளிலேயே அச்சடித்துத் தந்து, "எல்லை இன்னது எனக் காட்டுக" என்று முடித்துவிடுவார்கள். புள்ளி விடைக்கில்லை, வழிக்குத்தான். பிள்ளைகள் சும்மா இருக்குமா? மேலேயிருந்து நாலு வரி இறங்கும், விடையிலிருந்து இரண்டு வரி ஏறும், நடுவில் இடிக்கிற இடத்தில் எதையாவது வெட்டி ஒட்டி முடிச்சுப் போட்டுவிடும். ஆதிபா இதில் பெரிய கெட்டிக்காரி. கேள்வியையே கடைசியிலிருந்துதான் வாசிப்பாள்.

பரீட்சைக்குச் சில வாரம் இருக்கையில், மாத்தளை டவுன் டியூஷன் வகுப்பில் நுஹ்மான் சேர் ஒரு மாதிரித்தாள் கொடுத்தார். அதில் ஓர் எல்லைக் கேள்வி. மேலே, ஒன்றிலிருந்து கோசைன் 4x கழிகிறது. கீழே, x-உம் சைன் 2x-உம் பெருகி நிற்கின்றன. எல்லை இரண்டு எனக் காட்டுக. வகுப்பே காட்டியது. அடுத்த கிழமை சேர் விடைத்தாள் கட்டோடு வந்தார், முகம் சரியில்லை. கட்டைப் போட்ட போட்டில் மேசையே அதிர்ந்தது.

"விட நாலு," என்றார். "ரெண்டில்ல, நாலு. டைப் பண்ணினது நான், பிழை என்னோடது. அத விடுங்க. நீங்க எல்லாரும் எப்படி அத ரெண்டுன்னு காட்டினீங்க?"

சேர் ஒரு தாளை உருவினார்.

"இது ஆதிபாட. என்னா வடிவா இரிக்கி பாருங்க. கோசைன சைன் வர்க்கமா மாத்தி, ஒரு சைன வெட்டி, கடைசி வரைக்கும் ஒரு குறை இல்ல. சைன் 2x-அ x-ஆல பிரிச்சா ரெண்டுக்குப் போகும். கீழயும் 2x இரிந்தாத்தான் ஒன்டு. அது இந்தப் புள்ளைக்குத் தெரியாதா? போன தாள்ல சரியா செஞ்சிரிக்கி! இங்க கண்ண மூடிக்கிட்டு ஒன்டுன்னு எழுதியிரிக்கி. ஏன்? நான் விடைய சொல்லிட்டேன்ல!"

வகுப்பு சிரித்தது. தங்கள் தாளிலும் இதே கூத்துத்தான் என்பதை மறந்து சிரித்தது. ஆதிபாவுக்கு முகம் பற்றி எரிந்தது.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் இடமிருந்தும் அவள் உட்காரவில்லை. பிழையான விடைக்கு இவ்வளவு வடிவாக வழி எழுத முடிகிறதென்றால், இன்னும் எங்கெங்கே எழுதியிருக்கிறாள்? ஏன் கணிதம் எடுத்தாய் என்று சொந்தக்காரர் கேட்டால், "கணக்குன்னா எனக்கு உசுரு" என்பாள். எஞ்சினியரானால் என்ன செய்வாய் என்றால் பாலம், ரோடு என்று அளந்துவிடுவாள். எல்லாம் வாப்பா அச்சடித்துத் தந்த விடைக்கு அவள் ஏறியிறங்கி எழுதிய வரிகள்.

உண்மையில் அவளுக்கு உசுரு எங்கே வருகிறது? லீவு நாளில் வாப்பாவோடு தம்புள்ளைக்குப் போகும்போது வருகிறது. லொறிகள் முட்டிமோதி உள்ளே நுழைய, நுவரெலியாக் கரட்டும் லக்கலப் பூசணியும் அடுத்தடுத்து இறங்க, அவள் ஒரு கூவலில் கரட்டுக்காரரை நிறுத்தி, அடுத்த கூவலில் பூசணிக்காரரோடு சிங்களத்தில் மல்லுக்கட்டுவாள். அங்கே அவளை உட்காரச் சொல்ல ஆளில்லை. "இது ஒனக்குள்ள எடமில்ல மகள்" என்று வாப்பாதான் கொஞ்ச நேரத்தில் பஸ் ஏற்றி அனுப்பிவிடுவார்.

பரீட்சை வந்தது, எல்லைக் கேள்வியும் வந்தது. மேலே ஒன்றிலிருந்து ஒன்று கழிகிற இரண்டு வர்க்கமூலங்கள், அவற்றுக்குள் சைன் 3x, கீழே x. எல்லை மூன்று எனக் காட்டுக. அவளுக்கு ஆறு வந்தது. கை அரித்தது! எங்காவது ஓர் இரண்டை வெட்டிவிட்டால் முடிந்தது வேலை. அவள் பேனையை மேசையில் வைத்துவிட்டு, முதல் வரியிலிருந்து விரலை வைத்து வாசித்தாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது, கால் மேசையையே ஆட்டியது. நாலாம் வரியில் ஆள் அகப்பட்டது. கீழே, பகுதியில் கூட்டி நின்ற இரண்டு மூலமும் தனித்தனியே ஒன்றுக்குப் போகின்றன, சேர்ந்தால் இரண்டு. அவள் ஒன்று என்று எழுதியிருந்தாள். திருத்தினாள். மூன்று வந்தது. யாரும் சொல்லித் தராத விடை போல அது அவளுக்கு இனித்தது.

கடைசித்தாள் முடிந்த அன்று வாப்பா லொறியோடு பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார். அவள் ஏறி உட்காரும் முன்னேயே கேட்டார்.

"எப்படி மகள்?"

"நல்லா செஞ்சேன் வாப்பா. சத்தியமா நல்லா செஞ்சேன்."

"அல்ஹம்துலில்லாஹ்! அப்ப எஞ்சினியர்தான்!"

"அது நீங்க தந்த விட வாப்பா. மூணு வருஷமா அதுக்குத்தான் வழி எழுதிக்கிட்டு இரிக்கேன். நானா செஞ்சு பார்த்தா வேற வருது."

"என்னத்த வருது?"

"தம்புள்ளை. நம்ம கடை."

அவர் லொறியை ஸ்டார்ட் பண்ணப் போன கையை எடுத்தார். "லொறிக்காரனோட கத்தவா ஒன்னப் படிக்கவச்சேன்? பெயிலாவேன்னு பயந்துக்கிட்டு ஒளறாத."

"பாஸாவேன் வாப்பா. அதனாலதான் இன்டைக்குச் சொல்றேன். பெயிலாகிட்டு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க."

வந்தது கோபமா, வெட்கமா என்று அப்துல் ஸமத்துக்கே பிடிபடவில்லை. தம்புள்ளை முழுக்க என்ன பதில் சொல்வார்?

"மூணு வருஷம். இத வாப்பாட்ட சொல்ல ஒனக்கு வாயில்லயா?"

"நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா?"

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. பக்கத்துக் கடை பவாஸ். அவருடைய குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

"ஸமத் நானா! நம்ம எஞ்சினியர் என்ன சொல்றா? பரீட்ச எப்படியாம்?"

ஸமத் போனை மகள் பக்கம் நீட்டினார்.

"கேக்கிறான். நீயே சொல்லு."

ஆதிபா போனை வாங்கினாள். கால் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டாதே என்று அவர் சொல்லவில்லை.